படச்சுருளும் கொல்லாமையும்

சினிமா ஃபிலிமில் இரண்டு அடுக்குகள் உண்டு. கீழே இருப்பது தாங்கும் பட்டை. தொடக்க காலத்தில் பருத்தியிலிருந்து செய்த செல்லுலோஸ் நைட்ரேட்டும், பிறகு செல்லுலோஸ் அசிடேட்டும், கடைசியில் பாலியெஸ்டரும் இதற்குப் பயன்பட்டன. மேலே இருப்பது எமல்ஷன் எனப்படும் ஒளியுணர் பூச்சு. வெள்ளி உப்பின் நுண்துகள்கள் ஜெலட்டினுக்குள் பரவி உறைந்த பூச்சு அது; அதன் கனம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான். படம் பதிவது இந்தப் பூச்சில். ஜெலட்டின் மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும், பன்றித் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. ஃபிலிம் தொழில் நூறாண்டுகளுக்கு மேல் நடந்தும், ஜெலட்டினுக்கு முழு ஈடான தாவரப் பொருளோ செயற்கைப் பொருளோ ஆலை அளவில் நிலைபெறவில்லை.

இந்த உண்மையிலிருந்து ஒரு சமயக் கேள்வி பிறக்கிறது. வெண்திரையில் சிவனும் முருகனும் அம்மனும் தோன்றியபோது கைகூப்பியவர்களில் புலால் தொடாதவர்கள் ஏராளம். அவர்கள் வணங்கிய உருவம் விலங்கின் எலும்பிலிருந்து வந்த பசையில் பதிந்திருந்தது. அது அந்த வழிபாட்டுக்குக் குறையா? கொல்லாமையை அறமாகக் கொண்டவர் ஃபிலிமைப் பயன்படுத்தும்போது கொலையில் பங்கேற்கிறாரா? பங்கு உண்டென்றால் எவ்வளவு? தமிழகத்தின் சமய வாதங்களில் இக்கேள்விக்கு நேரடியான விடை இல்லை. விடையைத் தேட உதவும் தெளிவான வழிகள் உண்டு.

எலும்பு ஜெலட்டினாகும் விதம்

எலும்பிலும் தோலிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதமே ஜெலட்டினுக்கு மூலம். காய்ந்த எலும்பை நொறுக்கி, கொழுப்பை நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போடுவார்கள். சுண்ணச் சத்து கரைந்து வெளியேற, மெத்தென்ற ஒரு பொருள் மிஞ்சும். அதன் பெயர் ஓசீன். ஓசீனை வாரக்கணக்கில் சுண்ணாம்புக் கரைசலில் போட்டுவைத்து, கழுவி, வெந்நீரில் படிப்படியாக வடித்தால் ஜெலட்டின் இறங்கும். அதை வடிகட்டி, சுண்டவைத்து, குளிரவிட்டு உலர்த்துவார்கள். இந்தியாவிலிருந்து நொறுக்கிய எலும்பு பல பத்தாண்டுகள் வெளிநாட்டு ஜெலட்டின் ஆலைகளுக்குக் கப்பலேறியது. பிறகு ஓசீனும் ஜெலட்டினும் செய்யும் ஆலைகள் இங்கேயே எழுந்தன.

புகைப்படக் கலைக்கு ஜெலட்டினைக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ். வெள்ளி புரோமைடை ஜெலட்டினில் கலந்து கண்ணாடித் தகட்டில் பூசும் முறையை 1871-இல் அவர் வெளியிட்டார். அதற்கு முன்பிருந்தே புகைப்படத்தாளுக்கு முட்டையின் வெண்கரு தேவைப்பட்டது. 1888 வாக்கில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஆலை ஒன்று நாளொன்றுக்கு 60,000 முட்டைகளை உடைத்தது. புகைப்படம் உயிர்ப்பொருளைச் சார்ந்தே வளர்ந்தது.

ஜெலட்டின் இந்த இடத்தைப் பிடிக்கக் காரணங்கள் உண்டு. சூட்டில் இளகி ஓடும்; குளிரில் சட்டென்று உறையும்; அதனால் மெல்லிய பூச்சாக இழுக்க முடிகிறது. தண்ணீரில் போட்டால் ஊறி உப்புமே தவிர, குளிர்ந்த நீரில் கரையாது. அதனால் ஃபிலிமைக் கழுவும் ரசாயனம் உள்ளே புகுந்து வேலை செய்ய முடிகிறது. வெள்ளித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பிரித்து நிறுத்துவதும் அதுதான்.

இவற்றைவிட வியப்பான ஒன்று 1920-களில் தெரியவந்தது. ஒரே முறையில் தயாரித்த எமல்ஷன் ஒரு சரக்கு ஜெலட்டினில் கூர்மையாகவும் இன்னொரு சரக்கில் மந்தமாகவும் அமைவது ஆலைகளுக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. கோடாக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் காரணத்தைக் கண்டுபிடித்து 1925-இல் வெளியிட்டார். ஜெலட்டினில் மிக நுண்ணிய அளவில் இருந்த கந்தகச் சேர்மங்களே ஒளியுணர்வைக் கூட்டின. அவை கடுகு எண்ணெயில் இருப்பவை. கடுகு இனச் செடிகளை மேய்ந்த மாட்டின் உடலில் சேர்ந்து, அமிலத்தையும் சுண்ணாம்பையும் வெந்நீரையும் தாண்டி, ஜெலட்டினில் தங்கியிருந்தன. பிறகு ஆலைகள் கந்தகத்தைத் தாங்களே அளந்து சேர்க்கக் கற்றுக்கொண்டன.

இந்தக் கண்டுபிடிப்பு சமயக் கேள்விக்கும் முக்கியமானது. இத்தனை ரசாயன மாற்றத்துக்குப் பிறகு எலும்பு எலும்பாகவே இல்லை, ஆகவே விலங்கைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை என்று ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. மாடு மேய்ந்த செடிகூடப் படத்தின் கூர்மையில் வந்து நிற்கும்போது அந்தச் சமாதானம் நிற்காது. உருமாறினாலும் மூலம் மூலம்தான்.

ஃபிலிமைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு இந்தப் பசை அன்றாடப் பழக்கம். வெட்டி ஒட்டும்போது எமல்ஷன் எந்தப் பக்கம் என்று இருட்டறையில் கண்ணால் பார்க்க முடியாது. பட்டையின் ஓரத்தை ஈர உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டிக்கொள்ளும் பக்கம் எமல்ஷன், வழுக்கும் பக்கம் பட்டை. எமல்ஷன் பக்கத்தைப் பிளேடால் சுரண்டி, சிமென்ட் தடவி ஒட்டுவார்கள். எடிட்டிங் அறையிலும் ஆபரேட்டர் அறையிலும் இது சர்வசாதாரணம்.

ஊட்டி ஆலையும் சீனத்து ஆலையும்

சுதந்திர இந்தியாவில் ஃபிலிம் முழுக்க முழுக்க இறக்குமதிச் சரக்காக இருந்தது. அதை உள்நாட்டிலேயே செய்ய மத்திய அரசு 1960-இல் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. இடம் உதகமண்டலம், தொழில்நுட்பம் பிரான்ஸின் பௌஷே நிறுவனத்துடையது. 1967-இல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், சினிமா ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், அச்சுத் தொழிலுக்கான ஃபிலிம், புகைப்படத்தாள் ஆகியவை வந்தன. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பு இந்து நகர் ஆயிற்று.

நீலகிரி தேர்வானதற்கும் ஜெலட்டினின் குணத்துக்கும் தொடர்பு உண்டு. பூசிய எமல்ஷன் உடனே குளிர்ந்து உறைய வேண்டும். காற்றில் தூசி கூடாது. தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். மலையின் குளிரும் தூசியற்ற காற்றும் நல்ல தண்ணீரும் அங்கே இயல்பாகக் கிடைத்தன. பூச்சு வேலை ஏறக்குறைய முழு இருட்டில் நடந்தது. அந்த இருட்டுக்குப் பழகிய ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் கைகள் இந்தியாவின் சொந்த ஃபிலிமைச் செய்தன.

இதே காலத்தில் சீனாவும் இதே முயற்சியில் இறங்கியது. ஹேபே மாகாணத்தின் பாவோடிங் நகரில் 1958-இல் ஃபிலிம் ஆலை நிறுவப்பட்டது. பின்னாளில் லக்கி என்ற பெயரில் அறியப்பட்ட நிறுவனம் இதுதான். உலகச் சந்தை கோடாக், ஃபியூஜி, ஆக்ஃபா ஆகியோர் கையில் இருந்தபோது, ஆசியாவின் இரண்டு பெரிய நாடுகள் அரசு முதலீட்டில் தமக்கென்று ஃபிலிம் செய்துகொள்ள முயன்றன. பின்னர் இரண்டின் பாதையும் பிரிந்தது. லக்கியின் இருபது விழுக்காட்டுப் பங்கை வாங்க கோடாக் 2003-இல் உடன்பாடு செய்தது; அந்தக் கூட்டு சில ஆண்டுகளில் முறிந்தது. 2012-இல் லக்கி வண்ண ஃபிலிம் உற்பத்தியை நிறுத்தியது. ஊட்டி ஆலை 1990-களின் நடுவிலேயே நலிந்த நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இறக்குமதியின் போட்டியும், பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்கான புதிய திட்டத்தின் கடன் சுமையும், அதன் பின்னால் வந்த டிஜிட்டல் அலையும் அதை முடித்துவைத்தன. 2010-களில் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் வெளியேற, ஆலை அடங்கிப்போனது.

புத்த சமயம் வேரூன்றிய சீனாவிலும், சமண வைதிக மரபுகள் வாழும் இந்தியாவிலும் ஃபிலிமுக்கு ஜெலட்டினே ஆதாரம். மார்க்சிய அரசு நடத்தினாலும் சமயச் சார்பற்ற அரசு நடத்தினாலும் எமல்ஷனின் வேதியியல் மாறுவதில்லை. ஆகவே கொல்லாமை பற்றிய கேள்வி இரு நாட்டுக்கும் பொது.

திரையில் தெய்வம்

இந்தியக் கதைப்படமே புராணத்தோடு பிறந்தது. தாதாசாகேப் பால்கே இயேசுவின் வாழ்க்கையைக் காட்டிய படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, கிருஷ்ணனையும் ராமனையும் அப்படித் திரையில் காண வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளிவந்தது. தென்னிந்தியாவில் ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த முதல் மௌனப் படமான ‘கீசகவதம்’ பாரதக் கதை. 1935-இலும் 1942-இலும் ‘நந்தனார்’, 1945-இல் ‘ஸ்ரீவள்ளி’, 1965-இல் ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’, 1971-இல் ‘ஆதி பராசக்தி’ என்று பக்திப் படங்களின் வரிசை நீண்டது. அம்மன் படம் ஓடும்போது கொட்டகையில் கற்பூரம் ஏற்றுவதும், பெண்களுக்கு அருள் வருவதும் தமிழகத்தில் பரவலாக நடந்தவை.

35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படத்தின் ஒரு பிரிண்ட்டுக்கு 13,500 அடி. அத்தனை அடியிலும் ஜெலட்டின் பூச்சு. பிரதிகள் பல எடுத்தால் கணக்கு பெருகும். வீட்டுப் பூஜை அறையும் இதற்கு விலக்கில்லை. சிவகாசியின் ஆஃப்செட் அச்சகங்களில் முருகன், லட்சுமி, விநாயகர் நாள்காட்டிகளுக்கான தகடுகள் பல்லாண்டுகள் அச்சு ஃபிலிமின் வழியாகத்தான் தயாராயின. நாள்காட்டித் தாளில் ஜெலட்டின் இல்லை. ஆனால் அந்தத் தெய்வ உருவம் ஜெலட்டினைக் கடந்துதான் தாளுக்கு வந்தது.

திருவேங்கடம் வட்டாரத்து வஜ்ஜிரம்

ஃபிலிம் ஜெலட்டினின் முரட்டு உறவினன் வஜ்ஜிரம் என்று தச்சர்கள் சொல்லும் விலங்குப் பசை. தோல், எலும்பு, நரம்புக் கழிவுகளை வேகவைத்து எடுப்பது. வேதியியலில் இரண்டும் ஒன்றே, தூய்மையில்தான் வேறுபாடு. தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே இருக்கும் திருவேங்கடம் பகுதிக்கு வஜ்ஜிரம் புதிதல்ல. மானாவாரிக் கரிசல் மண்ணில் மழை பொய்த்த ஆண்டுகளில் இங்கு சோறு போட்டது தீப்பெட்டித் தொழில். 1920-களில் சிவகாசியில் தொடங்கிய அந்தத் தொழில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, திருவேங்கடம், சங்கரன்கோவில் என்று பரவியது. தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கண்ணாடித் தூளும் சேர்ந்து நிற்பதற்குப் பிடிப்பாக இருப்பது வஜ்ஜிரம். தகடாகவோ குருணையாகவோ வரும் வஜ்ஜிரத்தை ஊறவைத்து, நேரடித் தீ படாமல் வெந்நீர்ச் சூட்டில் உருக்கி, மருந்தில் கலப்பார்கள். சட்டத்தில் அடுக்கிய குச்சிகளின் நுனியை அந்தக் கலவையில் தோய்த்து எடுத்துக் காயவைத்தால் குச்சி தயார்.

சங்கரன்கோவிலின் சங்கரநாராயணர் சன்னதியிலும் கோமதி அம்மன் சன்னதியிலும், அந்த வட்டாரத்து வீடுகளின் மாடங்களிலும் விளக்கையும் கற்பூரத்தையும் ஏற்றிவந்தது இந்தத் தீக்குச்சி. புலால் உண்ணாதவரும் அதைத்தான் உரசினார். யாரும் அதைத் தீட்டாகக் கொள்ளவில்லை. ஃபிலிமைப் பற்றிய கேள்வி சினிமாவோடு நிற்பதில்லை என்பதற்கு இதுவே சான்று.

வாங்கியவனுக்குப் பங்கு உண்டா?

திருவேங்கடத்துக்கு அருகேயுள்ள கழுகுமலையில், எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் செழித்த சமணப் பள்ளியின் சுவடுகள் இன்றும் இருக்கின்றன. பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை ஆகியோரின் பெரிய சிற்பங்கள். கீழே வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள். குரத்தியர் என்று அழைக்கப்பட்ட பெண் துறவியரும் அங்கே குறிக்கப்படுகிறார்கள். கொல்லாமையைப் பற்றித் தமிழில் நடந்த மிகக் கூர்மையான விவாதம் இந்தச் சமண மரபிலிருந்தே வந்தது.

பௌத்தம் செயலின் எடையை எண்ணத்தில் வைத்தது. துறவிக்கு இடப்பட்ட ஊன், அவருக்காகவே கொல்லப்பட்டதாக அவர் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால், குற்றமற்றது என்பது பழைய பௌத்த விதி. இதன்படி ஃபிலிம் வாங்குபவர்மேல் குற்றமில்லை. எந்த மாடும் அவருக்காகக் கொல்லப்படவில்லை. ஆனால் பௌத்தத்துக்குள்ளேயே இதற்கு மறுப்பு எழுந்தது. சீனாவில் பெருமதிப்புப் பெற்ற லங்காவதார சூத்திரம் இந்தச் சலுகையை ஏற்க மறுத்தது. சீனத் துறவியர் மரபு புலாலை முற்றிலும் விலக்கியது.

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் இந்தச் சிக்கலைச் சந்தையின் கணக்காகப் பார்க்கிறது. உண்பவர் இல்லையென்றால் விற்பவரும் இல்லை என்பது அங்கே வரும் வாதம். கொலை செய்யும் கையும் விலை கொடுக்கும் கையும் ஒரே செயலின் இரு முனைகள். பத்தாம் நூற்றாண்டளவில் எழுந்த சமண நூலான நீலகேசி இதை நேருக்கு நேர் வாதமாக நடத்துகிறது. கொன்றவன் வேறு, உண்டவன் வேறு என்ற பௌத்தத் தரப்பை நூலின் தலைவியான நீலகேசி மறுக்கிறாள். விலை கொடுப்பதே அடுத்த கொலைக்குத் தூண்டுதல் என்கிறாள். சமணத் துறவியர் மயிற்பீலி வைத்திருக்கிறார்களே என்ற எதிர்க்கேள்வியும் அங்கே எழுகிறது. பீலி மயில் தானாக உதிர்ப்பது என்பது சமணரின் விடை.

உதிர்ந்த பீலிக்கும் கொன்று எடுத்த ஊனுக்கும் இடையில் ஜெலட்டின் எங்கே நிற்கிறது? எலும்புக்காக யாரும் மாட்டைக் கொல்வதில்லை. இறைச்சிக்காகக் கொன்ற மாட்டின் எலும்பும், தானாகச் செத்து ஊர்ப்புறத்தில் கிடந்த மாட்டின் எலும்பும் ஒரே குவியலாக ஆலைக்குப் போகும். முதல் வகையில் எலும்பின் விலை கசாப்புக் கடையின் வருமானத்தில் ஒரு சிறு பங்கு. அந்த அளவுக்குக் குறளின் வாதம் பொருந்தும். இரண்டாம் வகையில் பீலிக்குச் சொன்ன விடை பொருந்தும். ஆகவே ஜெலட்டினைப் பயன்படுத்துபவருக்குப் பங்கு உண்டு. அது ஊன் உண்பவரின் பங்கைவிடச் சிறியது. முழு விடுதலையும் முழுக் குற்றமும் இரண்டும் தவறான தீர்ப்புகள்.

சமண மரபு இத்தகைய அளவுகளைப் பிரித்தறியக் கற்றுத்தருகிறது. வேண்டுமென்றே செய்யும் கொலை, வீட்டு வேலையில் நேரும் தீங்கு, தொழிலில் நேரும் தீங்கு, தற்காப்பில் நேரும் தீங்கு என்று அது நான்காகப் பிரிக்கிறது. முதலாவதை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும். மற்றவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததை ஆமோதித்தல் ஆகிய மூன்றும் வினையே என்றும் அது சொல்கிறது. இந்த அளவுகோலில் ஃபிலிம் தொழில்வழித் தீங்கில் அடங்கும். அதிலும் பயனுக்கேற்ப வேறுபாடு உண்டு. ஊட்டி ஆலையின் எக்ஸ்ரே ஃபிலிம் காசநோயையும் எலும்பு முறிவையும் மருத்துவருக்குக் காட்டியது. உயிரைக் காக்க வேறு வழியில்லாத காலத்தில் ஏற்கும் தீங்கும், பொழுதுபோக்குக்காக ஏற்கும் தீங்கும் ஒரே எடை ஆகாது.

வழிபாட்டுக்குள் வந்த பொருள், வெளியே நின்ற மனிதர்

ஆகமக் கோயில்கள் விலங்கிலிருந்து வரும் பொருளை ஒருபோதும் முற்றாக விலக்கியதில்லை. சங்கு ஒரு கடல் உயிரின் ஓடு. மிருதங்கமும் பேரிகையும் தோல். கோரோசனை மாட்டின் பித்தப்பையில் விளைவது. திருமலையில் வேங்கடவனுக்குச் சாத்தும் புனுகு ஒரு விலங்கின் சுரப்பு. பட்டு, கொதிநீரில் மாண்ட புழுக்களின் கூடு. இவற்றில் பட்டைப் பற்றி மட்டும் ஒரு பெருங்குரல் எழுந்தது: காஞ்சி காமகோடி பீடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் புழுக்களின் உயிரைக் கருதிப் பட்டுடுத்துவதைக் கைவிடும்படி அறிவுறுத்தினார். மற்றவை வழிபாட்டின் பகுதியாகவே இருந்துவந்தன. பூஜைக்குள் வந்த பொருள் அதன் மூலத்தைக் கடந்துவிடுகிறது என்பது மரபின் நிலை. அந்த நிலையை ஏற்றால் எமல்ஷனில் பதிந்த தெய்வ உருவத்துக்கும் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் மரபு இந்தச் சலுகையைப் பொருளுக்கு மட்டுமே கொடுத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் ஆதனூர்த் திருநாளைப்போவார், அதாவது நந்தனார், செய்த திருத்தொண்டு இன்னதென்று தெளிவாக இருக்கிறது: கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூஜைக்குக் கோரோசனையும் கொடுப்பது. அவர் கொடுத்த தோல் சன்னதிக்குள் முழங்கியது. கோரோசனை இறைவன் திருமேனிவரை சென்றது. அவற்றைக் கொடுத்தவர் புலையர் என்பதால் வாயிலுக்கு வெளியே நின்றார். தில்லைக்குள் நுழைய நெருப்பில் மூழ்கி எழ வேண்டியிருந்தது. இந்தக் கதையைத் தமிழ் சினிமா கே. பி. சுந்தராம்பாளையும் பின்னர் தண்டபாணி தேசிகரையும் கொண்டு மீண்டும் மீண்டும் படமாக்கியது. அந்தப் படங்களைத் தாங்கியதும் எலும்பிலிருந்து வந்த பூச்சுதான்.

தூய்மை என்ற அளவுகோல் எங்கே தவறுகிறது என்பதை நந்தனார் வரலாறு காட்டுகிறது. செத்த மாட்டை அகற்றுவதும், தோல் உரிப்பதும், எலும்பு பொறுக்குவதும் சில சாதிகளின் தலையில் கட்டப்பட்டன. அந்த உழைப்பின் பயன் எல்லார் வீட்டுக்கும் வந்தது. தீட்டு மட்டும் உழைத்தவரோடு தங்கிவிட்டது. எலும்பு ஜெலட்டினாகும்போது கழன்றுபோன இழிவு, எலும்பைச் சுமந்தவரிடமிருந்து கழலவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இதே இடத்தில் காந்தியும் அம்பேத்கரும் வேறு வேறு பக்கம் நின்றார்கள். கொன்று எடுத்த தோலை விலக்கி, இயல்பாகச் செத்த மாட்டின் தோலையும் எலும்பையும் முறையாகப் பயன்படுத்த வேண்டும் என்றார் காந்தி. அவருடைய ஆசிரமங்களில் அதற்கான தோல் பதனிடும் கூடங்கள் இயங்கின. கொல்லாமையின் கணக்கில் இது சரியான வழி. அம்பேத்கர் 1927-இல் மகாட் மாநாட்டில், செத்த மாட்டை இழுக்கும் வேலையையும் அதன் இறைச்சியை உண்பதையும் கைவிடும்படி தம் மக்களை அழைத்தார். காந்தியின் வழியில் விலங்குக்கு நீதி கிடைக்கிறது. ஆனால் அந்த விலங்கைத் தூக்கும் கை எது, அது விரும்பித் தூக்குகிறதா, உரிய கூலியும் மதிப்பும் பெறுகிறதா என்று அம்பேத்கர் கேட்டது விடையில்லாமல் நின்றால், கொல்லாமை பாதி அறமாகவே நின்றுவிடும். உயிர்க்குலம் முழுவதையும் ஒன்றாகக் கண்ட வள்ளலாரின் சீவகாருணியத்தில் பசித்த மனிதனுக்கும் இடம் உண்டு. 1867-இல் வடலூரில் அவர் மூட்டிய சத்திய தருமச்சாலை அடுப்பு அதற்காகவே எரிந்தது.

அறிதலும் இசைவும்

விலங்குப் பொருளைத் தொடுவது பல வேளைகளில் மனிதரைக் கொதிக்கவைத்திருக்கிறது. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்ததற்குத் தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை ஒரு காரணம். 1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டாக்கள். 2016-இல் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட பாலிமர் ஐந்து பவுண்டு நோட்டில் விலங்குக் கொழுப்பு சிறிதளவு இருப்பது தெரிந்ததும் இந்துக்களும் சைவ உணவாளர்களும் எதிர்த்தார்கள். வங்கி கருத்துக் கேட்டபின் 2017-இல் அதே பொருளைத் தொடர முடிவு செய்தது. தோலோடு பழகும் நாட்டில் தோல் குஞ்சமும், ஜெலட்டின் மாத்திரையை விழுங்கும் சமூகத்தில் பவுண்டு நோட்டின் கொழுப்பும் ஏன் பெரிதாயின? கேட்காமல் திணித்தார்கள், சொல்லாமல் கலந்தார்கள் என்பதே மனக்காயத்தின் வேர். ஃபிலிம் அப்படிக் காயப்படுத்தாததற்குக் காரணம், அதில் என்ன இருக்கிறது என்பது பார்வையாளருக்குத் தெரியாமலே போனதுதான். அறியாமை மன்னிப்பாகலாம், அறிந்த பிறகும் அதையே சாக்காகச் சொல்வது அறமாகாது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு நிலைப்பாடு தெளிகிறது. திரையில் தோன்றிய தெய்வ உருவம் எலும்பால் மாசுபடவில்லை. பேரிகையும் சங்கும் மாசில்லாததுபோலவே அதுவும் மாசில்லாதது. ஆனால் மாசில்லை என்பதால் கடனும் இல்லை என்று ஆகாது. அந்த உருவம் ஓர் உயிரின் உடலிலிருந்தும், அந்த உடலைச் சுமந்து நொறுக்கிய மனிதரின் உழைப்பிலிருந்தும் வந்தது. தூய்மை பற்றிய கேள்வி பக்தனைத் தன் உடம்பையும் தன் பூஜை அறையையும் மட்டுமே பார்க்கவைக்கிறது. கடன் பற்றிய கேள்வி அவனை அந்த விலங்கின் பக்கமும் அந்தத் தொழிலாளியின் பக்கமும் திருப்புகிறது. கொல்லாமை என்னும் அறம் நாடுவது இந்த இரண்டாவது பார்வையை.

கடனை ஒப்புக்கொண்டவருக்குச் செய்ய வேண்டியவையும் உண்டு. மாற்று இல்லாதவரை தேவையின் அளவோடு நிறுத்திக்கொள்வது. மாற்று வந்ததும் அதற்கு மாறுவது. பொருளில் என்ன கலந்திருக்கிறது என்பதைச் செய்பவர் சொல்வது. அந்தத் தொழிலில் உழைப்பவருக்குக் கூலியும் மதிப்பும் பாதுகாப்பும் கிடைப்பதை உறுதிசெய்வது. 2010-களில் திரையரங்குகள் டிஜிட்டலுக்கு மாறியதும் சினிமாவுக்கு ஜெலட்டின் தேவை ஏறக்குறைய அற்றுப்போனது. கொல்லாமையைக் கருதி நடந்த மாற்றம் அல்ல அது. சந்தையும் தொழில்நுட்பமும் செய்தது. மருந்துக் கேப்சூலின் கூட்டிலும், தீக்குச்சியின் தலையிலும் அதே புரதம் இன்னும் இருக்கிறது. தாவர செல்லுலோஸில் செய்த கேப்சூல் இப்போது கிடைக்கிறது. வாங்குபவர் கேட்டால் பெருகும். ஃபிலிம் காலத்தில் மாற்று இல்லை என்பது உண்மையான விடையாக இருந்தது. மாற்று வந்துவிட்ட பொருள்களுக்கு அந்த விடை செல்லாது. அங்கே விலை கொடுப்பவரின் பங்கைப் பற்றி வள்ளுவரும் நீலகேசியும் சொன்னதே முழுமையாகப் பொருந்தும்.